காகிதத்தோடு சேர்த்துதான் விமானம்

அன்புள்ள முகிலனுக்கு,

விமானக் குத்தகைப் படிப்பு, அதாவது விமானத்தை வாங்கி ஏர்லைன்களுக்கு வாடகைக்கு விடும் தொழிலுக்கான உன் படிப்பு, அதன் பாடத்திட்டத்தை நீ அனுப்பியதும் வரி விடாமல் படித்தேன். நிதி, சட்டம், வரி மூன்றுக்கும் வாரக்கணக்கில் ஒதுக்கிவிட்டு, பராமரிப்புக்கும் ஆவணங்களுக்கும் இரண்டே நாள் கொடுத்திருக்கிறார்கள். டப்ளினில் சொல்லிக்கொடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1975இல் டோனி ரயான் கின்னஸ் பீட் ஏவியேஷன் என்ற குத்தகை நிறுவனத்தைத் தொடங்கியதிலிருந்து அயர்லாந்தில் வளர்ந்த தொழில் இது. இன்று உலகிலேயே பெரிய குத்தகை நிறுவனமான ஏர்கேப் இருப்பதும் அங்கேதான். ஆனால் நிதி படித்துவிட்டு வரும் பிள்ளைகள் எக்செல் தாளையே விமானம் என்று நினைத்துக்கொள்வது இந்தத் துறையில் எப்போதும் நடக்கிறது. அந்த இரண்டு நாள் பாடத்தை நீ வருடம் முழுக்கப் படிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த நீளக் கடிதம்.

முதலில் வாடகையைப் பார். ஒரு பேச்சுக்கு, விமானத்தின் விலை 4 கோடி டாலர், மாத வாடகை விகிதம் 0.8 சதவீதம் என்று வைத்துக்கொள். மாதம் 3,20,000 டாலர். எட்டு வருடம், 96 மாதம், ஒன்றுகூடத் தவறாமல் வந்தாலும் மொத்தம் 3,07,20,000 தான். போட்ட முதலே முழுதாகத் திரும்பவில்லை, கடனுக்கு வட்டி வேறு. அப்படியானால் லாபம் எங்கே? எட்டு வருடம் கழித்துத் திரும்பி வரும் விமானத்தில். அது எந்த நிலையில் வருகிறது, என்னென்ன காகிதங்களோடு வருகிறது என்பதில்தான் உரிமையாளரின் பிழைப்பு இருக்கிறது.

அதனால் மதிப்பீட்டாளர் கொடுக்கும் விலையை அப்படியே தூக்கி உன் கணக்கில் போடாதே. பெரும்பாலும் அது 'ஹாஃப் லைஃப்' விலை. அதாவது உடல், எஞ்சின், லேண்டிங் கியர் எல்லாமே இரண்டு பெரிய பராமரிப்புகளுக்கு நடுவில் சரிபாதியில் இருப்பதாக எடுத்துக்கொண்டு சொல்லும் விலை. அப்படி ஒரு விமானம் எங்கும் நிற்பதில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, அந்த விலையில் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். ஒற்றை இடைகழி விமானம் பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டால் மதிப்பில் பெரும்பங்கு எஞ்சின்களுக்குத்தான். உடலுக்குச் சொற்பமே மிஞ்சும்.

பின்னால் வரும் பராமரிப்புச் செலவுக்காக ஏர்லைனிடம் முன்கூட்டியே வாங்கி வைக்கும் பணம்தான் பராமரிப்பு வைப்புத்தொகை. அதைப் பொதுவாக ஐந்து தலைப்பில் வாங்குவார்கள்: உடலின் 6 வருட, 12 வருடப் பெரும் பரிசோதனை, சுமார் 10 வருடத்துக்கு ஒருமுறை வரும் லேண்டிங் கியர் ஓவர்ஹால், துணை மின் அலகான ஏபியு, எஞ்சினின் செயல்திறன் மீட்பு, எஞ்சினுக்குள் இருக்கும் ஆயுள் வரம்புப் பாகங்கள். முதல் மூன்றும் சிக்கல் இல்லாதவை. நாள்காட்டியைப் பார்த்து மாதத் தவணையாகப் பிரித்துவிடலாம், ஏபியுவுக்கு மட்டும் அது ஓடிய மணிக்கு இவ்வளவு என்று இருக்கும். கடைசி இரண்டில்தான் பணம் தொலையும், அதனால் அவற்றை நிதானமாகச் சொல்கிறேன்.

செயல்திறன் மீட்புக்கு, அதாவது தேய்ந்த எஞ்சினை ஷாப்பில் (எஞ்சின் பணிமனையில்) பிரித்துப் பழைய திறனுக்குக் கொண்டுவர, 40 லட்சம் டாலர் ஆகும், இரண்டு ஷாப் விசிட்டுக்கு நடுவே எஞ்சின் 16,000 மணி பறக்கும் என்று வைத்தால், பறக்கும் மணிக்கு 250 டாலர் வாங்க வேண்டும். ஆனால் அந்த 16,000 என்ற எண் தனியாக நிற்காது. எஞ்சினை அதிகம் தேய்ப்பது மேலெழும் அந்தச் சில நிமிடங்கள்தான். ஒரு தடவை ஏறி இரண்டு மணி நேரம் பறப்பார்கள் என்று நம்பி விகிதம் போட்டிருப்பாய். ஏர்லைன் வழித்தடத்தை மாற்றி ஒரு மணி நேரப் பயணங்களாக ஓட்டினால், அதே 16,000 மணிக்கு இரண்டு மடங்கு டேக்ஆஃப். எஞ்சின் வெகு முன்பே ஷாப்புக்குப் போகும், கையில் இருக்கும் பணம் போதாது. அதனால்தான் ஒப்பந்தத்தில் மணி–சுழற்சி விகிதத்துக்கு (ஒரு தடவை ஏறி இறங்குவது ஒரு சுழற்சி) ஏற்ப கட்டணம் மாறும் அட்டவணை ஒன்று இணைப்பாக இருக்கும். அது இருக்கிறதா, மாதா மாதம் வரும் பறப்பு அறிக்கையோடு யாராவது அதை ஒப்பிடுகிறார்களா என்று கேள். வளைகுடா மாதிரி மணல் தூசி உள்ள ஊர்களில் பறந்தால் அதற்கும் தனியே ஏற்றிப் போட வேண்டும்.

அடுத்து ஆயுள் வரம்புப் பாகங்கள். இவை சுழலும் டிஸ்க், ஷாஃப்ட் வகையறா. ஒன்று உடைந்தால் எஞ்சின் உறை தாங்காது என்பதால் சுழற்சிக்கணக்கில் வரம்பு வைத்திருக்கிறார்கள். 737-800இல் இருக்கும் சிஎஃப்எம்56-7பி எஞ்சினில் முன்விசிறிப் பகுதிக்கு 30,000, மையப் பகுதிக்கு 20,000, பின்னால் இருக்கும் குறையழுத்த டர்பைனுக்கு 25,000 சுழற்சி என்பது வழக்கமான கணக்கு. மையப் பகுதி டிஸ்க் ஒன்றின் விலை 4 லட்சம் டாலர் என்றால் ஒரு சுழற்சிக்கு 20 டாலர். 12,000 ஓடியிருந்தால் மிச்சம் 8,000, மதிப்பு 1,60,000 டாலர். வகுப்பில் இதோடு நிறுத்திவிடுவார்கள். நடைமுறையில் மிச்சம் 1,500 சுழற்சிதான் என்றால் அதன் மதிப்பு 30,000 டாலர் ஆகாது. எஞ்சினைத் திறந்துவிட்டு, அடுத்த 1,500 சுழற்சியில் மறுபடி திறக்க யாரும் விரும்ப மாட்டார்கள். அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதுதான் போடுவார்கள். ஆகவே மிச்ச ஆயுளைத் தனித்தனியாகக் கூட்டாதே, எந்தப் பாகம் முதலில் தீர்கிறது என்று பார். எஞ்சினை இறக்கப்போவது அதுதான்.

அந்த மிச்ச ஆயுளும் காகிதத்தில் நிரூபிக்க முடிந்தால்தான் இருக்கிறது. நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்கிறோம் இல்லையா, அதுபோல ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உற்பத்தியான நாளிலிருந்து எந்த எஞ்சினில், எந்த ஏர்லைனில், எத்தனை சுழற்சி ஓடியது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் வெளியிட்ட சான்றிதழ் (ஐரோப்பா என்றால் ஈசா ஃபார்ம் 1, அமெரிக்கா என்றால் எஃப்ஏஏ 8130-3), விபத்தில் சிக்கியதில்லை என்ற உறுதிக் கடிதம், அந்த ஏர்லைனின் கையெழுத்து எல்லாம் வேண்டும். நடுவில் இருந்த ஏதோ ஒரு ஏர்லைன் மூடிப்போய், அங்கே ஓடிய இரண்டு வருடத்துக்குக் காகிதம் கிடைக்கவில்லை என்றால், பளபளவென்று இருக்கும் டிஸ்க்கும் பழைய உலோக விலைக்குத்தான் போகும். 2023இல் லண்டனில் இருந்த ஏஓஜி டெக்னிக்ஸ் நிறுவனம் போலிச் சான்றிதழோடு சிஎஃப்எம்56 பாகங்களை விற்றது வெளியானபோது, பல நாட்டு ஏர்லைன்கள் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்களை இறக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. சான்றிதழில் இருக்கும் எண்ணை, கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய். சோம்பல் படாதே.

வைப்புத்தொகையிலிருந்து ஏர்லைன் பணம் கேட்கும்போது பில்லின் மொத்தத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. பறவை மோதியது, தவறாக இயக்கியது, உதிரிப்பாகங்களின் இடமாற்றக் கட்டணம் இவையெல்லாம் பொதுவாக விலக்கு. பில்லோ வைப்பில் இருக்கும் தொகையோ, எது குறைவோ அதுவரைதான் கொடுப்பது.

எஞ்சின் ஊர் சுற்றும், முகிலா. உன் விமானத்தில் உன் எஞ்சின் இருக்கும் என்று நம்பாதே. ஏர்லைன் அவசரத்துக்குக் கழற்றி வேறொருவர் விமானத்தில் மாட்டியிருக்கும். சில நாட்டுச் சட்டத்தில் மாட்டிய எஞ்சின் அந்த விமானத்தின் உரிமையாளருக்கே போய்விடும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க, 'இந்த எஞ்சின் எனதல்ல' என்று மற்ற உரிமையாளர்களும் அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களும் கையெழுத்திட்ட உரிமை ஒப்புதல் ஒப்பந்தம் வேண்டும்.

சட்டத்தில் கேப் டவுன் உடன்படிக்கையை, அதாவது விமானம், எஞ்சின் மீதான உரிமையை நாடு கடந்தும் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தத்தை, மனப்பாடமாகவே வைத்துக்கொள். 2001 நவம்பரில் கையெழுத்தாகி, 2006 மார்ச்சில் விமானங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. அதன் சர்வதேசப் பதிவேடு நீ இருக்கும் டப்ளினில்தான் இயங்குகிறது. உடலையும் ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை, வினாடி வரை நேரம் பதிவாகும். தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண் இந்த மூன்றில் ஓர் எழுத்து பிசகினாலும் தேடுபவருக்கு உன் உரிமை தெரியாமல் போகலாம். அதனால் பதிந்த கையோடு நீயே தேடல் சான்றிதழ் எடுத்துப் பார். பதிவு நீக்கத்துக்கும் ஏற்றுமதிக்கும் ஏர்லைன் முன்கூட்டியே கொடுக்கும் மாற்ற முடியாத அதிகாரம்தான் ஐடெரா. அது அந்த நாட்டு விமானத் துறையில் பதிவாகி முத்திரை விழ வேண்டும். விமானம் வேறு உரிமையாளருக்குக் கைமாறினால் பழையதை ரத்து செய்து புதிதாக வாங்க வேண்டும். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது என்பதற்காக ஒரு நாட்டை நம்பிவிடாதே. இந்தியா 2008இலேயே சேர்ந்தது, ஆனால் அதைச் சட்டமாக்கவில்லை. 2023 மே 2ஆம் தேதி கோ ஃபர்ஸ்ட் என்ற இந்திய ஏர்லைன் திவால் மனு போட்டது, 10ஆம் தேதி தீர்ப்பாயம் ஏற்றது. திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவுத் தடை விழுந்ததும் உரிமையாளர்கள் தங்கள் விமானத்தைத் தொட முடியவில்லை. அந்தப் பிரிவிலிருந்து விமானங்களுக்கு விலக்களித்து அக்டோபர் 3ஆம் தேதி அறிவிக்கை வந்தும் விடியவில்லை. 2024 ஏப்ரல் 26ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே 54 விமானங்களின் பதிவு நீங்க வழி பிறந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடம் அவை தரையில் நின்றன. நிற்கும் விமானம் கெடும். எஞ்சினுக்குப் பாதுகாப்புப் பூச்சு, ஈரப்பதச் சோதனை, சக்கரத்தைச் சுழற்றி வைப்பது எல்லாம் தேதி தவறாமல் நடக்க வேண்டும். பாகங்கள் காணாமல் போகின்றன என்று உரிமையாளர்கள் நீதிமன்றத்தில் முறையிட்டதும் அந்த வழக்கில்தான். 2025 ஏப்ரலில்தான் நாடாளுமன்றம் இதற்கென்று தனிச் சட்டம் நிறைவேற்றியது. சட்டம் வந்தது எனக்கு உண்மையிலேயே பெரிய ஆறுதல். ஆனால் ஒரு பெரிய திவாலில் அது எப்படி நடக்கிறது என்று பார்த்த பிறகே இந்தியாவுக்கான இடர் விகிதத்தை நீ குறைக்கலாம்.

ரஷ்யா இன்னும் கடுமையான பாடம். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் 400க்கும் மேற்பட்ட வெளிநாட்டு விமானங்கள் அங்கே மாட்டின. உரிமையாளர்கள் கடைசியில் தங்கள் சொந்தக் காப்பீட்டைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம், இழப்பு போர் இடர் பிரிவில்தான் வரும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவின் உச்சவரம்பு எவ்வளவு, காப்பீட்டாளர் எத்தனை நாள் நோட்டீஸில் விலகலாம் என்ற இரண்டையும் பாலிசியில் நீயே கண்ணால் படி. தரகர் சொல்லும் சுருக்கம் போதாது.

வரி அமைப்பு, ஜப்பானிய முதலீட்டு முறை இவற்றை உங்கள் ஆசிரியர்களே நன்றாகச் சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: யூரோகன்ட்ரோல் கட்டணப் பாக்கி, அதாவது ஐரோப்பிய வான்வழியில் பறப்பதற்கு அந்த அமைப்பு வசூலிக்கும் கட்டணத்தின் பாக்கி. பிரிட்டனில் ஓர் ஏர்லைனின் மொத்தப் பாக்கிக்காக அதன் எந்த விமானத்தையும் பிடித்து வைக்கலாம், அது உன் நிறுவனத்துடையதாக இருந்தாலும் சரி. குத்தகை தொடங்கும் நாளிலேயே ஏர்லைனிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டால் பாக்கி நிலவரத்தை நேரடியாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உங்களை ஷானனில் இருக்கும் விமானப் பராமரிப்பு ஹேங்கருக்குக் கூட்டிப்போனால் ஓரமாக நின்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு வராதே. எஞ்சின் மூடியைத் திறந்ததும் டேட்டா பிளேட்டில் இருக்கும் வரிசை எண்ணை எழுதிக்கொண்டு ஒப்பந்தத்தோடு ஒப்பிடு. சரக்கு அறைத் தரையும் கழிவறைக்கு அடியில் இருக்கும் கட்டமைப்பும்தான் முதலில் அரிக்கும், டார்ச் அடித்துப் பார். உடலில் ஒட்டுப்போட்ட இடங்களைக் குறித்த வரைபடம் கேள். ஒவ்வொரு ஒட்டுக்கும் அனுமதிக் காகிதம் இருக்க வேண்டும், அது நிரந்தரமா தற்காலிகமா என்றும் பார். போரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராவை விட்டு எஞ்சினுக்குள் பார்க்கும் பொறியாளர் பக்கத்தில் நிற்க விட்டால், எரிகலன் சுவரிலும் டர்பைன் பிளேடு முனையிலும் எதைப் பார்க்கிறார், எந்த அளவு வரை விடுகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்.

ஆசிரியரிடம் பெயர் அழித்த பழைய குத்தகை ஒப்பந்தம் ஒன்று கேட்டு வாங்கு. வாடகைப் பக்கத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனைகளின் இணைப்பைத் திற. ஒவ்வொரு எஞ்சினுக்கும் குறைந்தபட்சம் எத்தனை சுழற்சி மிச்சம் இருக்க வேண்டும், குறைந்தால் எந்த வருட விலையில் ஈடு கட்ட வேண்டும், காகிதம் முழுமையாகாமல் தேதி தள்ளிப்போனால் வாடகை எத்தனை மடங்கு என்று மூன்றையும் கண்டுபிடி. கணக்குப் போட்டு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா