எழுபது டாலர் கணக்கு: வணிகப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

எந்த ஊரில் கார் கம்பெனி தள்ளாடினாலும் அமெரிக்கக் கார் தொழிலின் மையமான டெட்ராய்ட்டை இழுத்து, “தொழிற்சங்கம்தான் கெடுத்தது” என்று முடித்துவிடுகிறீர்கள். கூடவே 2008-இல் அமெரிக்காவில் உலாவிய அந்த, டெட்ராய்ட் தொழிலாளிக்கு ‘மணிக்கு 70 டாலர் கூலி’ என்ற கணக்கும் வந்துவிடுகிறது.

பல வருடமாக வேலையில் இருந்த தொழிலாளிக்கு அப்போது அடிப்படைக் கூலி மணிக்குச் சுமார் 28 டாலர்தான். அதோடு ஓவர்டைம், காப்பீடு, ஓய்வூதியம், என்றோ ஓய்வுபெற்றுப் போனவர்களின் மருத்துவச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, அன்று லைனில் (கார் பூட்டும் வரிசையில்) நின்றவர்களின் வேலை மணிகளால் வகுத்தார்கள். ஒரு பேச்சுக்கு, ஓய்வுபெற்றோர் செலவு மணிக்கு 2,000 டாலர் என்று வையுங்கள். லைனில் 100 பேர் இருந்தால் தலைக்கு 20 டாலர். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினால் 40. யார் பையிலும் ஒரு சென்ட் கூடவில்லை, ‘கூலி’ மட்டும் ஏறிவிட்டது! ஒப்பிட்டுக் காட்டிய டொயோட்டாவின் அமெரிக்க ஆலைகளோ அப்போது புதியவை. அங்கே ஓய்வுபெற்றவர்களே குறைவாக இருந்தார்கள்.

சங்கத்தின் மீதும் தவறு உண்டு. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஏறக்குறைய முழுச் சம்பளம் கொடுத்த ‘ஜாப்ஸ் பேங்க்’ ஏற்பாட்டை யு.ஏ.டபிள்யூ. (அமெரிக்கக் கார் தொழிலாளர் சங்கம்) கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தது. அதில் நிர்வாகத்தின் கையெழுத்தும் இருந்தது, அது வேறு விஷயம்.

ஃப்ரீமான்ட்டைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் அந்த ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) 1982-இல் மூடியது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத இடம் அது. போல்ட் கோணலாக ஏறினாலும் லைன் நிற்காது. கார் கடைசிவரை போய், அங்கே பிரித்துச் சரிபார்க்கப்படும். 1984-இல் டொயோட்டாவோடு கூட்டாக, ‘நம்மி’ என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். அதே சங்கம், பெரும்பாலும் அதே ஆட்கள். லைனை நடத்தியது டொயோட்டா. வேலை செய்யும் இடத்தில் ஒரு கயிறு தொங்கும். குறை கண்டவர் இழுத்தால் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். சங்கமும் டஜன் கணக்கான வேலைப் பிரிவுகளை ஒருசிலவாகச் சுருக்கச் சம்மதித்தது. பதிலுக்கு, ஆட்குறைப்பு கடைசி வழியாகத்தான் இருக்கும் என்று எழுதி வாங்கியது. சீக்கிரமே ஜி.எம். ஆலைகளில் தரத்தில் முன்வரிசைக்கு வந்தது அந்த ஆலை.

2007 ஒப்பந்தத்திலேயே சங்கம் இறங்கி வந்துவிட்டது. ஓய்வுபெற்றோர் மருத்துவச் செலவு தனி அறக்கட்டளைக்குப் போனது. புதிதாகச் சேர்பவருக்குக் கூலி மணிக்குச் சுமார் 14 டாலர் என்றானது. அடுத்த வருடம் பெட்ரோல் காலன் 4 டாலரைத் தாண்டியது. ஷோரூம்களில் பெரிய எஸ்.யூ.வி.கள் தேங்கி நின்றன. எந்த மாடல் செய்வது என்று சங்கத்தைக் கேட்டா முடிவெடுத்தார்கள்? 2009 ஜூன் 1-இல் ஜி.எம். திவால் மனு கொடுத்தது.

அடுத்த முறை மணிக்கு இத்தனை என்று அச்சிடும்போது, ஓய்வுபெற்றோர் செலவைத் தனியாகக் காட்டுங்கள். எத்தனை மணிகளால் வகுத்தீர்கள் என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
உற்பத்திச் செலவுக் கணக்கு பார்க்கும் சிலர்