சாப்பாட்டை நினைத்துக் கவலைப்படாதே அம்மா

வூர்ஸ்பர்க், ஜெர்மனி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, தம்பி, நாகலூர் ஆயா எல்லோரும் நலம்தானே? போனை எடுத்ததும் "சாப்பிட்டியா பாப்பா?" என்கிறாய். சாப்பிட்டேன் என்றால் "என்னத்தச் சாப்பிட்டியோ" என்று இழுக்கிறாய். அதனால் இந்த முறை எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிடுகிறேன். அப்பாவைச் சத்தமாகப் படிக்கச் சொல், ஆயாவும் கேட்கட்டும்.

இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகள் பலர் வந்ததும் ஆசியக் கடையைத்தான் தேடுகிறார்கள். பொன்னி அரிசி, துவரம்பருப்பு, முருங்கைக்காய் எல்லாம் அங்கே உண்டு, ஆனால் விலை கேட்டால் வயிறு நிறைந்துவிடும். மாதம் 992 யூரோ என்று கணக்குக் காட்டித்தானே விசா வாங்கினோம். வாடகையும் இன்சூரன்ஸும் போனபிறகு அதில் கையில் நிற்பது கொஞ்சம்தான். கடைச் சாமானை எண்ணி எண்ணி வாங்கிவிட்டு, பாதி நாள் ரொட்டியும் நூடுல்ஸுமாக ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. என்னைக் கேட்டால், நம்ம ஊர்ச் சாமான் வேண்டியதில்லை, நம்ம ஊர்ப் பக்குவம் இருந்தால் போதும். இங்கே விளைவதை வாங்கி, நீ சமைக்கிற மாதிரி சமைத்தால் காசும் மிஞ்சும், உடம்பும் நன்றாக இருக்கும்.

பருப்பையே எடுத்துக்கொள். எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் 'ரோட்டெ லின்ஸன்' என்று அரைக்கிலோ பாக்கெட் இருக்கும். அது நம்ம மைசூர் பருப்புதான். குக்கர் வேண்டாம், சாதாரணப் பாத்திரத்தில் 20 நிமிடத்தில் மசிந்துவிடும். அதுவும் இந்த ஊர்த் தண்ணீரில்! வூர்ஸ்பர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கலாம், ஆனால் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும், வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்துத்தான் எடுக்க வேண்டும். இந்தத் தண்ணீரில் கொண்டைக்கடலை லேசில் வேகாது, தோல் விறைப்பாகவே நிற்கும். மைசூர் பருப்புக்குத் தோல் இல்லாததால் தப்பித்துக்கொள்கிறது. ஆப்பசோடா போடு என்பாய். அது பி1 வைட்டமினைக் கெடுக்கும் அம்மா, அதனால் நான் போடுவதில்லை. கடலையை முந்தின நாளே ஊறவைத்துவிடுகிறேன். தக்காளியும் புளியும் நீ செய்கிற மாதிரி வெந்த பிறகுதான்.

ஆயா வீட்டில் பருப்பு வேக ஏன் அத்தனை நேரம் ஆகிறது என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாயே, அது தண்ணீரால் இல்லை. நாகலூர் இருக்கிற ஏற்காடு மலை சுமார் 1500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது. ஆயாவிடம் சொல், விறகில் குற்றமில்லை என்று.

ஆயாவுக்கு இன்னொரு சேதி. மலையில் சாமைச் சோறு பொங்குவாரே, அதற்கு நெருங்கிய தானியம் இங்கே கிடைக்கிறது. 'ஹிர்ஸெ' என்று எழுதியிருக்கும், நம்ம பனிவரகு. பார்க்க மஞ்சளாக, சாமையைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும். வெந்நீரில் இரண்டு முறை அலசினால் லேசான கசப்பு போய்விடும். பாத்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வாசனை வரும்வரை வறுத்து, ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் ஊற்றி மூடிவைக்கிறேன். விடுதி அடுப்பு மேலே கண்ணாடி போட்ட கரண்ட் அடுப்பு. சூடேற நேரம் பிடிக்கும், ஆனால் அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு நிற்கும். தண்ணீர் வற்றும் தறுவாயில் அணைத்துவிட்டால் அந்தச் சூட்டிலேயே புழுங்கி உதிரியாக வந்துவிடுகிறது. அதன்மேல் பருப்பை ஊற்றி, ஆயா கொடுத்தனுப்பிய மிளகைத் தட்டிப் போட்டுச் சாப்பிடுகிறேன். சூரமங்கலம் ஓட்டல் சாப்பாடெல்லாம் அதற்குப் பக்கத்தில் வராது.

காய்க்குக் குறைவே இல்லை. நூல்கோல், முட்டைக்கோஸ், பீட்ரூட், கேரட் இங்கேயே விளைகிறது. நூல்கோலும் சிவப்பு முள்ளங்கியும் இலையோடு வருகின்றன. வாங்குகிறவர்கள் பலர் இலையை முறித்துக் கடையிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. உழவர் சந்தையில் முள்ளங்கிக் கீரைக்கு நீ பேரம் பேசுவது ஞாபகம் வந்தது. நான் இலை நிறைந்த கட்டாகப் பார்த்து வாங்குகிறேன். கிழங்கு சாம்பாருக்கு, இலை பொரியலுக்கு. தேங்காய்த் துருவல் இல்லாத நாளில் சூரியகாந்தி விதையை வறுத்துப் பொடித்துத் தூவுகிறேன். நீயும் செய்து பார்.

தயிர், மோர் இரண்டும் மலிவு. மோர் அரை லிட்டர் டப்பாவிலேயே வருகிறது. நெய்க்கு, உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் கட்டியை வாங்கிச் சிறுதீயில் உருக்கினால் 200 கிராம் நெய் தேறும்.

ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் பூட்டிவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை சாமான் வாங்கி, ஞாயிறு பருப்பும் சுண்டலும் கூடுதலாகச் செய்து டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். சோறு மிஞ்சினால் வெளியே கிடக்கவிடக் கூடாது, ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். பரீட்சை நாட்களில் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் சாப்பிடுகிறேன், சைவமும் போடுகிறார்கள்.

ஒரே குறை வெயில். அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே அடிக்கிற வெயில் உடம்பில் வைட்டமின் டி உண்டாகப் போதாது. நம்மூர் வெயிலை நீ திட்டாதே. நான் முட்டை சேர்த்துக்கொள்கிறேன், டாக்டரையும் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி அடுத்து எந்த ஊருக்குப் படிக்கப் போனாலும் சரி, இப்போதே அவனை அடுப்படிக்குள் விடு. பருப்பு வேகவைக்க, கீரை ஆய, ரசம் வைக்க, கருகாமல் தாளிக்கத் தெரிந்தால் போதும். "ஆம்பளப் பையன்" என்று அத்தை ஏதாவது சொன்னால் காதில் வாங்காதே. பசி ஆளைப் பார்த்தா வருகிறது?

பார்சல் பற்றி. நெய், பால்கோவா வேண்டவே வேண்டாம், பால் பொருளை ஐரோப்பாவுக்குள் விட மாட்டார்கள். மல்கோவாவும் வராது, சான்றிதழ் இல்லாமல் மாம்பழம் அனுப்பக் கூடாது. சீசனில் எனக்கும் சேர்த்து நீங்களே சாப்பிடுங்கள். ஆயா தோட்டத்து மிளகு, மஞ்சள் தூள், பருப்புப் பொடி, ராகி மாவு, ஜவ்வரிசி வடகம், இவ்வளவு போதும். இங்கே கிடைக்கிற ஜவ்வரிசி தாய்லாந்திலிருந்து வருகிறது, சேலத்துக்காரியான எனக்கு அதை வாங்க மனசு வரவில்லை. மொத்த மதிப்பு 45 யூரோவுக்குள் இருக்கட்டும், தாண்டினால் சுங்கவரி கேட்பார்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அப்பாவை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி ஒட்டச் சொல். மிளகை மட்டும் இரண்டு கவராகப் போட்டுக் கட்டு.

அன்புடன்,
உன் பாப்பா