பெற்றோல் மணக்கிற வண்டியில் பிள்ளையை ஏற்றாதே

திருகோணமலை,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். உன் வண்டியில் பூட்டிய புதுப் பெற்றோல் பம்பின் இரண்டு பக்கமும், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப் தடிப்பாகச் சுற்றியிருக்கிறது. அதற்கு மேலேயும் ஈரம் மினுங்குகிறது. இன்னும் கொஞ்சம் டேப் சுற்றி இறுக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மகன். அது டேப்பால் நிற்கிற ஒழுக்கு இல்லை. போனில் சொன்னால் வேலை அவசரத்தில் அரைவாசிதான் கேட்பாய் என்றுதான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

முதலில், இது சரியாகும்வரை அந்த ஹைலக்ஸ் பிக்கப்பில் சின்னவளை ஏற்றாதே. ஏறினதும் பெற்றோல் மணக்கிறது என்று மருமகள் சொன்னதாக நீயே எழுதியிருக்கிறாய். மணக்கிறது என்றால் ஆவி வெளியே வருகிறது என்று அர்த்தம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். அது மேலே போய்க் கலையாது, நிலத்தோடு படுத்து, பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். உங்கள் யூனிட்டுக்குக் கீழே இருக்கிற கார் பார்க் அப்படியான இடம்தானே. டீசல் 50 பாகைக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் விடும். சிட்னிக் குளிரை நம்பி இருக்க முடியாது. வண்டியை வெளியே, காற்றோட்டமான இடத்தில் விடு. கை வைக்க முன் எஞ்சின் நன்றாக ஆறட்டும், பெற்றரியின் மைனஸ் வயரைக் கழற்று, பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டிய தூரத்தில் இருக்கட்டும்.

சரி, ஒழுக்குக்கு வருகிறேன்.

மரை போட்ட பொருத்துகள் எல்லாம் மரையிலேயே அடைபடுவதில்லை. கடைக்கு வந்து "அக்கா, ஒரு டேப் தாங்க" என்று கேட்கிற எவரிடமும் நான் எந்த இடத்துக்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுப்பதில்லை. நீயும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்: இந்தப் பொருத்தில் பெற்றோலை மறிக்கிறது எது? மரையா, மரைக்குப் பின்னால் இருக்கிற வாஷரா, உள்ளே இருக்கிற கூம்பு முகமா? பதில் தெரியாமல் எதைப் பூசினாலும் வீண்.

உன் பம்பின் வாய் கூம்பு மரை. உள்ளே போகப் போக ஒடுங்கும், 16க்கு 1 என்ற சரிவு. ஒடுங்குவதால் மரையும் மரையும் நெருக்குப்பட்டு அடைக்கும். அப்படியும் மரையின் உச்சிக்கும் அடிக்கும் இடையில் சுருளாக ஒரு நூல் வழி மிஞ்சும். அந்த வழியை மூடத்தான் மரையில் பூசுகிற பேஸ்ட். மரை மரையோடு சரியாகப் பொருந்தினால்தான் பேஸ்டுக்கே வேலை உண்டு.

உன் வண்டியில் மரை பொருந்தவில்லை. பம்பின் உடம்பில் 1/8-27 என்று அடித்திருப்பது படத்தில் தெரிகிறது. அது என்.பி.டி., அமெரிக்க மரை. அரைக்கால், அதாவது 1/8 அளவில் அங்குலத்துக்கு 27 மரை, மரையின் கோணம் 60 பாகை. நீ பக்கத்துக் கடையில் வாங்கிப் பம்பின் வாயில் பூட்டின பித்தளை மரைத்துண்டு, அந்த நிப்பிள், அவுஸ்திரேலியாவிலும் நம்ம ஊரிலும் சாதாரணமாகக் கிடைக்கிற பி.எஸ்.பி., பிரித்தானிய மரை. அதில் அதே அரைக்காலுக்கு 28 மரை, கோணம் 55 பாகை. ஜப்பான் வண்டிகளில் வருகிற கூம்பு மரையும் இந்த பி.எஸ்.பி. வகைதான். அதனால் ஹைலக்ஸின் எஞ்சினில் பழைய ஒயில் சுவிட்ச் இருந்த ஓட்டைக்கு அந்த நிப்பிள் அழகாகப் பொருந்தும், பம்புக்குப் பொருந்தாது. ஒரு மரைதானே வித்தியாசம் என்று நினைக்காதே. முதல் ஒன்றிரண்டு சுற்று சுகமாகப் போகும், பிறகு திடீரென்று பிடிக்கும். இறுகிவிட்டது என்று நீ நினைப்பாய். உண்மையில் ஒரு மரைதான் கடித்துக்கொண்டு நிற்கும், மற்றதெல்லாம் வெளி.

இதைக் கண்ணால் பார்க்கலாம். நிப்பிளைக் கழற்றி, டேப்பை உரித்து, சரியான அமெரிக்க நிப்பிள் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டின் மரையும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரிச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடி. ஒரே மரை என்றால் ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்தில் முழு நீளத்துக்கும் உட்காரும், வெளிச்சம் தெரியாது. வேறு மரை என்றால் ஒரு முனையில் உட்கார்ந்து மற்ற முனையில் ஏறி நிற்கும். அப்பா கராஜில் இதற்கு அளவுகோல் எடுப்பதே இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பி இப்படிப் பிடித்துத்தான் பார்ப்பார்.

கழற்றினபிறகு பம்பின் வாயையும் பார். தப்பான நிப்பிளை ஸ்பனர் போட்டு இறுக்கியிருக்கிறாய், உள்மரை நசிந்திருக்கலாம். நசிந்திருந்தால் அந்தப் பம்பை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கு, காசைப் பார்க்காதே.

இனி டேப். தண்ணீர்க் குழாய்க்கு அது நல்ல சாமான், பெற்றோலும் அதைக் கரைக்காது. நாங்கள் எரிபொருளுக்கு அதை வேண்டாம் என்கிறது வேறு காரணத்துக்கு. இறுக்கும்போது மரையின் கூர் அதை வெட்டும். இடியப்ப நூல் போல நாராகி உள்ளே விழும், பிறகு பெற்றோலோடு ஓடும். பில்டருக்கு முன்னால் விழுந்தால் பில்டர் பிடித்துக்கொள்ளும். பின்னால் விழுந்தால் நேரே காபரேட்டர், பெற்றோலைக் காற்றோடு கலக்கிற சாமான். அங்கே பெற்றோலை மறிக்கிற ஊசி வால்வுக்கு அடியில் ஒரு நார் மாட்டினாலே போதும், வால்வு மூடாது, பெற்றோல் வழிந்து சூடான எஞ்சின் மேல் ஊற்றும். ஒழுக்கை நிறுத்தப் போட்டது இன்னோர் ஒழுக்கைக் கொண்டுவரும். இன்னொன்று, டேப் வழுக்கும் என்பதால் எவ்வளவு இறுக்கினோம் என்று கைக்குத் தெரியாது. வார்ப்பு வாய் என்றால் வெடிக்கிறது அப்படித்தான்.

ஆகவே சரியான அமெரிக்க நிப்பிளும் டெஃப்லான் கலந்த பேஸ்டும் வாங்கு. டியூபில் பெற்றோலுக்கு என்று எழுதியிருக்க வேண்டும், எத்தனோலுக்கும் என்று இருந்தால் இன்னும் நல்லது. எத்தனோலைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அப்பாவின் மேசையில் கறுத்த மூடியோடு ஷெல்லாக் என்கிற அரக்குப் பசைப் போத்தல் ஒன்று எப்போதும் இருக்குமே, அதைத்தான் உனக்கும் சொல்லப் போனார். ஷெல்லாக்கைப் பெற்றோல் கரைக்காது, உண்மை. ஆனால் அற்ககோல் கரைக்கும், அந்தப் போத்தலிலேயே அது அற்ககோலில் கரைந்துதான் இருக்கிறது. உன் ஊரில் ஈ10 என்று விற்கிற பெற்றோலில் நூற்றுக்குப் பத்து வரை எத்தனோல், அதுவும் அற்ககோல்தான். அதனால் இங்கே பல வருடம் நின்று பிடித்த வேலை அங்கே இளகிப்போகும். அப்பாவிடம் சொன்னேன், யோசித்துவிட்டு "அப்போ வேண்டாம்" என்றார்.

சிலிக்கனையும் தொடாதே. எஞ்சின் சம்புக்கு, அடியில் ஒயில் நிற்கிற தட்டுக்கு, பூசுகிற அந்தச் சிலிக்கன் பெற்றோலில் ஊதி, வழுவழுத்து, துண்டு துண்டாகக் கழன்று வரும். எல்லாவற்றுக்கும் அதைப் பிதுக்குகிற பழக்கம் இங்கே பல இடத்தில் இருக்கிறது, பார்க்கவே எனக்குக் கோபம் வரும்.

பூட்டுகிற முறை இதுதான். இரண்டு மரையையும் கம்பி பிரஷ்ஷால் உரசிப் பழையதை எடு. பம்பின் வாயைக் கீழே சரித்துப் பிடித்துக்கொண்டு உரசு, துகள் உள்ளே போகக்கூடாது. எண்ணெய்ப் பசை இருந்தால் பேஸ்ட் பிடிக்காது, துடைத்துக் காயவிடு. நிப்பிளின் முனையில் முதல் மரையை வெறுமையாக விட்டு, அடுத்த மூன்று நாலு மரையில் சுற்றிவரப் பூசு. முனையில் பூசினது எல்லாம் உள்ளேதான் தள்ளுப்படும். கையால் போகிற அளவுக்குச் சுற்று. பிறகு ஒரு ஸ்பனரால் பம்பின் வாயைப் பிடித்துக்கொண்டு மற்ற ஸ்பனரால் ஒன்றரைச் சுற்று, மிஞ்சினால் இரண்டு. வளைந்த பொருத்து (எல்போ) என்றால், அது பார்க்கிற பக்கம் சரியில்லை என்று பின்னுக்குத் திருப்பாதே. கூம்பு மரையைப் பின்னுக்கு எடுத்தால் அந்த அடைப்பு உடைந்துபோகும். எடுத்தாயா, முழுதாகக் கழற்றித் துடைத்து மறுபடி பூசு. பேஸ்ட் இறுகுவதற்கு டியூபில் சொல்லியிருக்கிற நேரம் விடு. சிலது இரும்பும் பித்தளையும் காற்றில்லாமல் நெருங்கினால்தான் இறுகும், முழுதாக இறுக ஒரு நாள் எடுக்கும். அந்த வகையைப் பிளாஸ்டிக் பில்டர் பக்கம் கொண்டுபோகாதே. பிளாஸ்டிக்கில் இறுகாது, சில பிளாஸ்டிக்கை வெடிக்கவும் வைக்கும்.

ரப்பர் ஹோஸ் மாட்டுகிற முனைக்கு ஒன்றும் பூச வேண்டாம், நல்ல கிளிப் போதும். பழைய ஹோஸை வளைத்துப் பார், வெடிப்புத் தெரிந்தால் மாற்று. இரும்புக் குழாயின் வாய் விரித்து நட்டால் பிடிக்கிற இடங்களிலும் மரையில் எதுவும் வேண்டாம். அங்கே அடைப்பது விரித்த வாய்தான், நட்டு அதை அமுக்குகிறது, அவ்வளவுதான். மரையில் டேப் சுற்றினால் நட்டு முழுதாக உட்காராது, ஒழுகாததும் ஒழுகத் தொடங்கும்.

காபரேட்டருக்குள் பெற்றோல் போகிற இடத்தில் நடுவில் துளையுள்ள போல்ட் ஒன்று இருக்கும், இரண்டு பக்கமும் வாஷர். கழற்றினால் புது வாஷர் போடு. செப்பு வாஷர் என்றால், கிடைக்காத நேரத்தில் நம்ம வீட்டில் செய்வது உனக்கு ஞாபகம் இருக்கும். கம்பியில் கோத்து என் காஸ் அடுப்பில் மங்கல் சிவப்பு வரும்வரை பிடித்துத் தண்ணீரில் போடுவோம். கறுப்புச் செதில் கழரும், மிச்சத்தை மெல்லிய சாண்ட் பேப்பரில் தேய்ப்போம். இறுக்கி இறுக்கிக் கடினமான செப்பு அப்போது மறுபடி மெத்தென்று ஆகிவிடும், அமுக்கினால் இரண்டு முகத்தையும் நிரப்பும். பெற்றோல் கிடக்கிற இடத்துக்கு நெருப்பைக் கொண்டுபோகாமல் குசினியில் செய்.

கொட்பே துறைமுகத்திலிருந்து வருகிற டீசல் படகுக்காரர் வேறு மாதிரி முறையிடுவார்கள். எங்கேயும் ஒழுகவில்லை, ஆனால் காலையில் எஞ்சின் பிடிக்கவில்லை, கடலில் போய் நின்றுவிட்டது என்பார்கள். தாங்கியிலிருந்து பம்ப் வரைக்கும் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பக்கம் மரை தளர்ந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அப்பா நடுவில் கண்ணாடிக் குழாய்த் துண்டு ஒன்றைப் போட்டுக் குமிழி ஓடுகிறதா என்று பார்ப்பார். உன் பம்புக்கும் ஒரு பக்கம் உறிஞ்சுகிற பக்கம்தான். அது ஈரமில்லாமல் இருக்கிறது என்பதால் நல்லாயிருக்கிறது என்று விட்டுவிடாதே, இரண்டு பக்கமும் மாற்று.

2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூ.ஆர். முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர்தான் என்று இருந்ததே. அதற்கு முன் சொட்டுச் சொட்டாக ஒழுகினதைக் கவனிக்காமல் ஓடினவர்கள் எல்லாரும் அப்போதுதான் கராஜுக்கு வந்தார்கள். சிலர் தாங்கியில் பெற்றோலைத் திறந்து மூடுகிற டெப்புக்குச் சன்லைட் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது, கராஜ் வரை வந்துசேர உதவும். ஒரு மழை பெய்தால் போய்விடும். காசும் லீற்றரும் நெருக்கினபோது வந்த கவனம் உயிருக்காக முதலே வந்திருக்க வேண்டும் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கி நிற்கிற ஊர் இது. 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் தாக்கியபோது எரிந்த தாங்கியின் மிச்சம் இன்னும் அங்கே கிடக்கிறது. எரிபொருள் பற்றினால் என்ன நடக்கும் என்று இங்கே ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாம் பூட்டி, பெற்றரி வயரையும் மாட்டினபிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டுப் பம்பை ஓடவிடு. பொருத்துகளைத் துடைத்து, வெள்ளை டிஷ்யூவை ஒவ்வொன்றையும் சுற்றிப் பிடித்துப் பார். காய்ந்திருந்தால் எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டு, மறுபடி பார். அடுத்தநாள் காலை, எல்லாம் குளிர்ந்தபிறகு இன்னொரு தரம். சூட்டில் விரிந்து அடைத்த உலோகம் குளிரில் சுருங்கிச் சொட்டுவது உண்டு.

பி.எஸ்.பி. நிப்பிளைக் கழற்றினதும் இரண்டு மரையையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. பம்பின் வாயையும் உள்ளே தெரிகிற மாதிரி எடு. நீ அங்கே மத்தியானம் அனுப்பினால் இங்கே காலை, அப்பா கராஜ் திறக்கிற நேரம், உடனே பார்ப்பார். அவர் சரி என்று சொன்னபிறகு பேஸ்ட் பூசு. அதுவரை சின்னவளை மருமகளின் காரிலேயே பள்ளிக்குக் கூட்டிப்போகச் சொல்.

அன்புடன்,
அம்மா