அந்த நோட்டில் இன்னொரு கட்டம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளி வந்தால் ஒரு தடவை, பொங்கல் வந்தால் ஒரு தடவை, மது விற்பனையை மண்டலவாரியாகப் பிரித்து எது முதலிடம், எங்கள் சேலம் எத்தனையாவது என்று பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரி நீங்களும் போடுகிறீர்கள், நாங்களும் படிக்கிறோம். டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 2023-24இல் 45,855 கோடி, 2024-25இல் 48,344 கோடி என்று சட்டமன்றத்திலேயே சொல்லிவிட்டார்கள். சரி, எங்கள் ஊராட்சியில் குடியை விட முடியாமல் கிடப்பவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்வியை யாரிடம் போய்க் கேட்பது என்று யாராவது சொல்லுங்கள்.

நான் ஆத்தூர் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் இப்போதும் நர்சம்மாதான். எங்களிடம் எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கியாச்சா, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி, யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காசநோய் மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது, எல்லாம் தேதியோடு இருக்கும். ஒரு தேதி விட்டுப்போனால் மேலே இருந்து போன் வரும். இத்தனை வருஷத்தில் ‘இந்த வீட்டில் யாராவது குடிக்கிறார்களா’ என்று எழுத ஒரு கட்டம்கூட எந்தப் பதிவேட்டிலும் நான் பார்த்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒருவர், சேகோ ஆலையில் மூட்டை தூக்குபவர், நாற்பது வயது இருக்கும். வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிற அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வரும் பெண் காலை எட்டு மணிக்குத் திண்ணையில் உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினாள். கை நிற்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை, மார்கழி மாதத்தில். அந்தப் பெண் இரண்டு தடவை பார்த்துவிட்டு 170க்கு 110 என்று நோட்டில் எழுதி, ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் மேல் தப்பு இல்லை, அவளுடைய நோட்டில் இருப்பது பி.பி.யும் சர்க்கரையும்தான். ஆனால் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும், அந்த ஆளுக்கு ராத்திரி குடித்தது இறங்கிவிட்டது, கடை திறக்க மதியம் பன்னிரண்டு ஆகும், அதற்குள் தாங்காமல் பிளாக்கில் விற்கிற வீட்டைத் தேடிப் போவார். தினமும் குடித்துப் பழகிய உடம்பு, சரக்கு உள்ளே போகாவிட்டால் கை நடுங்கும், வேர்க்கும், பி.பி.யும் ஏறும். அரசாங்கக் கணக்கில் அவர் இன்றைக்கும் ரத்த அழுத்த நோயாளி.

செத்தால் மட்டும் கணக்கில் வந்துவிடுவாரா? அதுவும் இல்லை. கல்லீரல் கெட்டு வயிறு வீங்கிப் போனவரை ஊர் ‘மஞ்சக்காமாலை’ என்று சொல்லும். ராத்திரி வண்டியோடு பாலத்தில் மோதினவர் ‘விபத்து’. பூச்சிமருந்தைக் குடித்துச் செத்தவருக்கு உங்கள் பத்திரிகையிலேயே நிரந்தரமாக ஒரு காரணம் இருக்கிறது, ‘தீராத வயிற்று வலி’. எங்கள் தெருவில் நாற்பத்தைந்து வயதுக்குள் தாலியை இழந்தவர்களை ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு கை போதவில்லை. இந்தப் பெண்களில் யாருடைய புருஷனும் எந்தக் காகிதத்திலும் குடியால் சாகவில்லை.

கணக்கே கிடையாது என்று சொல்ல மாட்டேன். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டிய ஆண்களில் 25.4 சதவீதம் பேர் குடிப்பதாகச் சொல்கிறது, அதாவது நாலில் ஒருவர். (பெண்கள் 0.3 சதவீதமாம். வீட்டுக்கு வந்து கேட்கிற முன்பின் தெரியாத ஆளிடம் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்?) ஆனால் குடிப்பது வேறு, குடிக்கு அடிமையாவது வேறு. அதற்கு எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுக்க எடுத்து 2019இல் வெளியான ஆய்வைப் பார்க்க வேண்டும். குடிநோயாளிகளில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது, உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஆனால் அது டெல்லிக் கணக்கு. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை படுக்கை வேண்டும், குடிநோயாளிகளுக்குப் போடுகிற வைட்டமின் பி1 ஊசி எத்தனை வேண்டும் என்பதற்கு அது எந்த விதத்திலும் உதவாது.

எங்கள் ஊரில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, சிரிக்காதீர்கள், கார்த்திகை மாதம். ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டு தொடாமல் இருந்துவிட்டு, மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றின அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போகிறவரை எல்லோரும் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன், அவரால் நிறுத்த முடிகிறது, அந்த மட்டும் சரி. நான் பயப்படுவது மாலை போடவே துணியாதவரைப் பார்த்தும், போட்ட மூன்றாம் நாளே நிலைகுலைகிறவரைப் பார்த்தும்தான். அப்படி ஒருவரை மாலைக்கு மரியாதை கெடக்கூடாது என்று வீட்டிலேயே பூட்டி வைத்தார்கள். மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார், செத்துப்போன அப்பாவோடு பேசினார், சாயங்காலம் வலிப்பு வந்தது. பூசாரியைக் கூப்பிடப் போனவர்களை நிறுத்தி 108க்குப் போன் போட்டது நான். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்பது படித்தவர்களுக்கே தெரியவில்லை. நாளைக் காலையில் எல்லாக் கடையையும் மூடு என்று மேடையில் பேசுகிறவர்களும் இதை யோசித்த மாதிரி தெரியவில்லை. கடையை மூடுவது எனக்கும் சந்தோஷம்தான், நாட்டிலேயே முதலில் மதுவிலக்கு வந்த மாவட்டத்துக்காரி நான், ராஜாஜி 1937இல் சேலத்தில்தானே ஆரம்பித்தார். ஆனால் கடையை மூடுகிற வாரத்தில் எத்தனை வீட்டில் இந்த எறும்பு ஊரும் என்று தெரிந்துகொண்டு மூடுங்கள்.

கணக்கு எடுக்க முடியாது, ரொம்பச் சிரமம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நீலகிரியில் காட்டு விலங்குகளின் காலில் உடைந்த மது பாட்டில் குத்துகிறது என்று உயர் நீதிமன்றம் சொன்னதும், 2022இல் ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்டிக்கர் ஒட்டி, பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு வந்தது. நல்ல காரியம். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டு வந்தார்கள். எந்தப் பாட்டில் எந்தக் கடையிலிருந்து போனது, திரும்பி வந்ததா என்று பார்க்க ஆள் இருக்கிறார்கள், குடித்தவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்று பார்க்க அவர் பெண்டாட்டியைத் தவிர ஆளில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வீடு வீடாக பி.பி. பார்க்க வருகிற அதே பெண்ணின் நோட்டில் இன்னொரு கட்டம், அதில் இரண்டு கேள்வி. குறைக்க வேண்டும் என்று நினைத்தும் முடியாமல் போனதுண்டா? காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அவரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்று போதை மீட்பு மையங்கள் திறந்திருக்கிறார்களே, அங்கே அனுப்பலாம். அதற்கு முன்பே சென்னையில் இருக்கிற டி.டி.ரங்கநாதன் போதை மீட்பு மருத்துவமனைக்காரர்கள் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள், ஊரே சேர்ந்து சாப்பாடும் இடமும் கொடுத்ததாம். நம்மால் முடியாததா?

ஒரு ஆட்சேபணை வரும், அது நியாயமானதும்கூட. நோட்டில் ‘குடிநோயாளி’ என்று ஏறினால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராது, போலீஸ் வந்து தொல்லை கொடுக்கும் என்பார்கள். 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான். அப்போது எவ்வளவு பயம், எவ்வளவு அருவருப்பு. அந்த நோய்க்கே பெயர் வெளியே தெரியாமல் பதிவு வைத்து மாத்திரை கொடுத்திருக்கிறோம். என் பொறுப்பில் இருந்த கிராமங்களில் மாத்திரை வாங்கியவர்கள் யார் என்று என் வீட்டுக்காரருக்குக்கூட இன்று வரை தெரியாது.

பையன்கள் விஷயம் தனிக் கடிதம் எழுத வேண்டியது. கூல் லிப் புகையிலைப் பொட்டலம் பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரம் கிடக்கிறது, வலி மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்குகிற இடம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கஞ்சா பற்றி நீங்களே வாரம் ஒன்று போடுகிறீர்கள். அங்கேயும் பிடிபட்ட கிலோவுக்குத்தான் கணக்கு.

கடைசியாக உங்களிடமே ஒரு கோரிக்கை. உங்கள் வரிவிளம்பரப் பக்கத்தில் ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம், சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று ஒன்று வாரா வாரம் வருகிறது. எங்கள் ஊரில் ஒரு பெண் தோட்டை அடகு வைத்து அதை வாங்கி ரசத்தில் கலந்து கொடுத்தாள். அவர் வாந்தி எடுத்துவிட்டு, ‘என்னடி போட்டே’ என்று அடித்ததுதான் மிச்சம். அந்த இடத்தில் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைப் போடுங்கள். அந்த எண்ணுக்குக் காசு கிடையாது, உங்களுக்கும் கொஞ்சம் வருமானம் குறையும், பரவாயில்லை.

பெயரைப் போட வேண்டாம். நாளைக்கும் நான் இதே தெருவில் நடக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்