பீரோவுக்குப் பின்னால் கிடந்த கோப்பு

அன்பு மகளுக்கு,

நீ எழுதிவரும் நகைச்சுவைத் துப்பறியும் நாவலிலிருந்து அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்துவிட்டேன். முதல் முறை அப்பாவாக. இரண்டாம் முறை, 31 வருடம் அலுவலகத்தில் குப்பை கொட்டிய ஆளாக. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த இன்னொரு ஆளுக்குத்தான் சில குறைகள்.

உன் மேலாளர் இரண்டாம் பக்கத்தில் கதவைத் திறக்கும்போதே இவர்தான் குற்றவாளி என்று தெரிந்துவிடுகிறது. மேசையை விரலால் தட்டுகிறார், பிறர் யோசனையைத் தன் யோசனை என்கிறார், வணக்கம் சொன்னால் கைப்பேசியைப் பார்க்கிறார். அவரிடம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். உன் கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபத்தில் எழுதினால் மர்மம் எங்கே தங்கும்? அவரைக் குற்றவாளி ஆக்காதே. எல்லோரும் சந்தேகப்படும் நிரபராதி ஆக்கு. செய்யாத தவறுக்கு அந்த மனிதர் வியர்த்து வியர்த்து விளக்கக் கடிதம் எழுதட்டும். உன் மனமும் ஆறும், கதையும் பிழைக்கும்.

இன்னொன்று. பெயரை மாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதே. தெரிந்தவர்கள் படித்தவுடன் இன்னார் என்று கண்டுகொண்டால் அவதூறு வழக்கு வரலாம். ஒருவருடைய விரல், இன்னொருவருடைய குரல், மூன்றாம் ஆளின் கஞ்சத்தனம் என்று கலந்து ஓர் ஆளைச் செய்துகொள்.

வேலை பார்த்த இடத்தை நாவலாக்குவது உனக்கு முன்பே பெரியவர்கள் செய்ததுதான். ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1922 முதல் 1931 வரை லண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்தார். வேலையை விட்ட இரண்டாம் வருடம், 1933இல், விளம்பர நிறுவனத்துக்குள்ளேயே நடக்கும் துப்பறியும் நாவல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஒருவர் இரும்புச் சுழல்படிக்கட்டில் விழுந்து சாகிறார். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போர்க் காலத்தில் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தார். முதல் நாவலிலேயே விஷம் வந்துவிட்டது. இருவருக்கும் கைகொடுத்தது அன்றாட வேலையின் நுணுக்கம். உன் அத்தியாயங்களில் அதுதான் இல்லை. சாவிக்கொத்து யாரிடம் இருக்கும், வருகைப் பதிவேட்டில் யார் யாருக்காகக் கையெழுத்துப் போடுவார்கள், பிரிண்டரில் தாள் சிக்கினால் எல்லோரும் யாரைக் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. பிறகு ஏன் மூன்றாம் அத்தியாயத்தில் துப்பாக்கி?

நகைச்சுவைக் கதைக்குப் பிணம் கட்டாயம் இல்லை. ஒரு ஸ்டேப்ளர் காணாமல் போனால் அலுவலகம் எப்படி இரண்டாகப் பிரியும் என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

சரி, உனக்கு ஒரு கதை தருகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தணிக்கைக்கு நான்கு நாள் முன்பு, ஒரு கோப்பில் நான் போட்ட கூட்டல் தப்பு என்று கண்டுபிடித்தேன். இரவோடு இரவாகச் சரிசெய்துவிடலாம் என்று கோப்பை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மறுநாள் காலை நான் போய்ச் சேர்வதற்குள் அதைக் கேட்டுவிட்டார்கள். 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்ல வாய் வரவில்லை. தேடல் தொடங்கியது. நானும் தேடினேன். என்னைப் போல மும்முரமாக யாரும் தேடவில்லை! மேசைகளுக்கு அடியில் தவழ்ந்தேன், தலையில் ஒட்டடையோடு எழுந்தேன், அலுவலகமே சிரித்தது. அன்று மாலை எல்லோரும் போன பிறகு கோப்பைப் பழைய பீரோவுக்குப் பின்னால் செருகினேன். மூன்றாம் நாள் அதை யாரோ கண்டெடுத்தார்கள். தினமும் தாமதமாக வரும் ஒருவர் மேல் பழி விழுந்து, அவர் விளக்கம் எழுதிக் கொடுத்தார். எனக்கோ மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் பாராட்டுத் தெரிவித்தார்.

கவனித்தாயா? நான் அந்த அறையில் தேடாத ஒரே இடம் அந்த பீரோ. நூறு தடவை அதைக் கடந்து போனேன். யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எல்லோர் கண்ணும் என் தலையில் இருந்த ஒட்டடை மேல். துப்பை எங்கே ஒளிப்பது என்று கேட்டிருந்தாயே, சிரிப்புக்கு அடியில் ஒளி. வாசகர் சிரித்துக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடுவார். பிறகு ஏமாற்றிவிட்டாய் என்று சண்டைக்கும் வர முடியாது. கண் எதிரேதானே வைத்திருந்தாய். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். துப்பு கிடைத்தவுடன் வாசகருக்கும் காட்ட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. அதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை.

உன் நாவலின் கதைசொல்லி எல்லாப் பக்கத்திலும் குற்றமற்றவளாக, எல்லோரையும்விட புத்திசாலியாக இருக்கிறாள். அவளோடு எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் ஐந்து வருட வேலையில் நீயும் ஏதாவது ஒரு கோப்பை ஒளித்திருப்பாய். என்னிடம் சொல்ல வேண்டாம், அவள் தலையில் கட்டிவிடு.

தாமதமாக வந்த அந்த நண்பரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. அவருடைய பிரிவு உபசார விழாவில் நான்தான் வாழ்த்துரை படித்தேன். அதையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்.

கோப்பின் நிறம் பச்சை. அதை மட்டும் மாற்றிவிடு. அந்தத் தேடலில் இருந்த பலர் இன்னும் நல்ல ஞாபகசக்தியோடு இருக்கிறார்கள். அம்மாவிடமும் இப்போதைக்குப் பேச்செடுக்காதே. அந்த இரவு அது அவள் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

அன்புடன்,
அப்பா