எங்கள் காணிக்கு ஒரு திகதி: ஜனாதிபதிக்குத் திறந்த மடல்

2025 ஜூன் 15

மேன்மைதங்கிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து போரினால் நாங்கள் வெளியேறி இன்றுடன் 35 ஆண்டுகள் நிறைவடைகின்றன. 1990 ஜூன் 15இல் என்ன நடந்தது என்பதைத் தங்களுக்கு விளக்க வேண்டிய தேவையில்லை. தங்களுக்கு முன்பிருந்தவர்களின் காலத்திலேயே அதற்கான கோப்புகள் தங்கள் செயலகத்தில் போதிய உயரத்துக்குச் சேர்ந்திருக்கும். இந்த மடலில் உள்ள கோரிக்கை ஒன்றுதான். படையினர் வசம் எஞ்சியிருக்கும் எங்கள் காணிகள் எந்தத் திகதியில் எங்களிடம் கையளிக்கப்படும் என்பதைத் தயவுசெய்து அறிவியுங்கள்.

கடந்த ஏப்ரல் 10ஆம் திகதி வசாவிளானிலிருந்து பலாலி செல்லும் வீதி தங்கள் அரசாங்கத்தினால் திறக்கப்பட்டது. அதற்கு நன்றி. செய்தியைக் கேட்ட என் தாயார், எண்பது வயதைக் கடந்தவர், பெட்டியிலிருந்து தன் சீதனக் காணியின் உறுதிப் பத்திரத்தை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு பரப்பு (முக்கால் ஏக்கர்) செம்மண் தோட்டக்காணி, ஒரு கல்வீடு, பங்குக் கிணறு ஒன்று. இடப்பெயர்வுகளின்போது தாலிக்கொடியைக்கூட விற்றவர், அந்த உறுதியை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி முகாம் முகாமாகக் கொண்டு திரிந்தார். சில நாள்கள் கழித்து அவரை அழைத்துக்கொண்டு அந்த வீதியால் பஸ்ஸில் போனேன்.

வீதி திறக்கப்பட்டபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகள் தங்கள் பார்வைக்கு வந்திருக்குமோ தெரியாது. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே அனுமதி. நடந்து செல்லக் கூடாது. வாகனத்தை இடையில் நிறுத்தக் கூடாது, திருப்பவும் கூடாது. படம் பிடிக்கக் கூடாது. வேகம் மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது. இவற்றுள் கடைசி நிபந்தனைக்கு மட்டும் நான் மனமார நன்றி சொல்வேன். அதனால்தான் என் தாயாருக்குத் தன் காணியைச் சற்று நேரம் கூடுதலாகப் பார்க்கக் கிடைத்தது.

முதலில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. வீதியோரம் முழுவதும் முட்கம்பி, அதற்கப்பால் பற்றை, பற்றைக்கு மேல் நாங்கள் அறியாத வடலிகள் வளர்ந்து பனைகளாகி நிற்கின்றன. பிறகு ஒரு சிறிய கோயிலின் இடிந்த மதிலைக் கண்டதும் "இதுதான், இதுதான்" என்று எழும்பி நின்றுவிட்டார். நடத்துநர் நல்ல பிள்ளை. "அம்மா இருங்கோ, இதில நிப்பாட்டேலாது" என்று மெதுவாகச் சொல்லி அவர் தோளைப் பிடித்து இருத்தினார். கிணற்றின் கட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கக் கழுத்தை வளைத்துக்கொண்டிருந்தபோதே பஸ் அந்த இடத்தைக் கடந்துவிட்டது. ஒரு படமாவது எடுத்து அனுப்பும்படி கனடாவிலிருக்கும் தம்பி கேட்டிருந்தான். அதற்கும் தடை என்று அவனுக்கு எழுதினேன்; அவன் இதுவரை பதில் போடவில்லை.

ஜனாதிபதி அவர்களே, 35 ஆண்டுகளாகக் காணியைக் காணாமல் இருந்ததை ஒருவாறு தாங்கிக்கொண்டோம். கண்ணால் காட்டிவிட்டு, இறங்காதே என்று சொல்வதைத் தாங்கிக்கொள்வது எப்படி என்று எங்களுக்கு இன்னும் பழகவில்லை.

2024 செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் தங்களுக்கு வாக்களிக்கத் தயங்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், இரண்டு மாதங்கள் கழித்து நடந்த பொதுத் தேர்தலில் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தங்கள் கட்சிக்குக் கொடுத்தது. அந்த இரண்டு மாதங்களில் நாங்கள் கட்சி மாறவில்லை; வடக்கு மக்களின் காணிகள் அவர்களிடமே திரும்பும் என்ற தங்கள் பேச்சை நம்பினோம். எங்கள் தமிழ்த் தலைவர்கள் இதற்காக எங்கள்மீது இன்றுவரை கோபமாக இருக்கிறார்கள். பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 159ஐ வைத்திருக்கும் ஒரு தலைவர், கூட்டணிக் கட்சிகள் விடவில்லை என்று காரணம் சொல்ல வேண்டிய நிலையில் இல்லை என்பதையும் அப்போது கணக்கில் எடுத்தோம். நாடு 2022இல் வங்குரோத்தான பின்னரே தாங்கள் பொறுப்பேற்றீர்கள் என்பதும், சம்பளமும் வரியும் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளோடு கட்டுண்டவை என்பதும் எங்களுக்குப் புரியும். ஆனால் ஒரு முட்கம்பியைச் சுருட்டி எடுப்பதற்கு நாணய நிதியத்தின் அடுத்த தவணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் நடந்ததென்ன? கடந்த மார்ச் 28ஆம் திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, வடக்கில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமையை நிரூபிக்கும்படியும், தவறினால் அது அரச காணியாகும் என்றும் சொன்னது. போரில் உறுதியைத் தொலைத்தவர்களும் கடல் கடந்து போனவர்களும் தொண்ணூறு நாள்களுக்குள் ஓடி வர வேண்டுமாம். காணியைத் திருப்பித் தருவதற்கு மட்டும் அரசாங்கத்துக்கு எந்தக் காலவரையறையும் கிடையாது. எதிர்ப்பு எழுந்த பின்னர் அந்த அறிவித்தலை மீளப் பெறுவதாக அரசாங்கம் சொன்னது. நல்லது. அதை எழுதிய கை யாருடையது என்ற கேள்வி மட்டும் மீளப் பெறப்படவில்லை.

எங்களை எழுப்பியபோது, சில நாள்களில் திரும்பலாம் என்றுதான் நம்பிப் புறப்பட்டோம். இந்த நாட்டில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு நீண்ட ஆயுள் உண்டு. 1979இல் மூன்று ஆண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டம் 1982இல் நிரந்தரமானது. அதை நீக்குவோம் என்று வாக்களித்த தங்கள் ஆட்சியிலும் அது சுகமாக இருக்கிறது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது. அதற்கான தேர்தலும் அடுத்து, அடுத்து என்று போகிறது. பாதுகாப்புக்காக எடுத்த எங்கள் செம்மண்ணில் படையினர் பயிர் செய்கிறார்கள். காங்கேசன்துறைக் கடற்கரையில் அவர்கள் நடத்தும் உல்லாச விடுதியில் பணம் செலுத்தி எவரும் தங்கலாம். ஆகவே தேசியப் பாதுகாப்புக்கு ஆபத்தானது மனித நடமாட்டம் அல்ல, காணிச் சொந்தக்காரரின் நடமாட்டமே என்று நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். என் தாயார் அறை ஒன்றைப் பதிவு செய்துகொண்டு வந்தால் ஒருவேளை கிணற்றைப் பார்க்க விடுவார்களோ என்றும் யோசித்தேன்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

பலாலி விமான நிலைய விரிவாக்கத்துக்குச் சில காணிகள் தேவை என்று அதிகாரிகள் சொல்லக் கேட்கிறோம். அது உண்மையானால், எந்தக் காணித்துண்டுகள் என்பதை வரைபடத்தோடு வெளியிட்டு, சட்டப்படி சுவீகரித்து, உரிய நட்டஈட்டைக் கொடுங்கள். மற்றவற்றுக்கு ஒரு திகதி சொல்லுங்கள். அது அடுத்த மாதமாக இருக்க வேண்டும் என்றில்லை. அடுத்த ஆண்டென்றாலும், நாளும் மாதமும் குறித்து எழுத்தில் தாருங்கள். எதிர்பார்ப்பு, பரிசீலனை, விரைவில் என்ற சொற்களை தங்களுக்கு முன்பிருந்த ஜனாதிபதிகளிடமிருந்து ஏற்கெனவே பெற்றுவிட்டோம். தங்களிடம் கேட்பது ஒரு திகதி மட்டுமே.

அதுவரையில் ஒரு சிறு உதவியைத் தாழ்மையுடன் கேட்கிறேன். உறுதி கையில் உள்ளவர்கள், அடையாள அட்டையைக் காட்டி, படையினர் கூடவே நின்று பார்த்தாலும் சரி, ஒரு முற்பகல் மட்டும் தங்கள் காணிகளில் இறங்கி நிற்க அனுமதியுங்கள். என் தாயாரால் நீண்ட தூரம் நடக்க முடியாது. வீதியிலிருந்து கிணற்றடிக்கு அறுபது எழுபது அடிதான்.

இங்ஙனம்,
வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் மகன்