பேரப்பிள்ளைக்கு ஒரு ஸ்லாவியப் பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் நீ கேட்டதற்கு அம்மா "உங்க இஷ்டம்டி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. குழந்தைக்குப் போலந்துப் பெயர் வைத்தால் அப்பா வருத்தப்படுவாரோ என்று நீ தயங்குவது குரலிலேயே தெரிந்தது. வருத்தமே இல்லை. என் குறையெல்லாம் நீ அனுப்பிய பட்டியலைப் பற்றித்தான். மாயா, நீனா, லியா, ஆதி. இரண்டு ஊரிலும் யாருடைய நாக்கும் தடுக்காத பெயர்கள். சொல்ல எளிதாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர நீங்கள் வேறு எதையும் தேடியதாகத் தெரியவில்லை. அந்த மண்ணில் ஆயிரம் வருடமாகப் பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் போகாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போலந்து, ரஷ்யா, செக், செர்பியா, பல்கேரியா மொழிகள் எல்லாம் ஸ்லாவிய மொழிகள் என்ற ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெயர்களோடு எனக்குப் பழைய பழக்கம். நீ சின்னவளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் செஸ் போர்டை விரித்து வைத்துக்கொண்டு, பத்திரிகையில் வந்த ஆட்டங்களை ஒவ்வொரு காயாக நகர்த்திப் பார்ப்பேனே, அந்த ஆட்டங்களின் தலைப்பில் முக்கால்வாசி அவர்கள்தான். யூகோஸ்லாவியாவின் ஸ்வெதோசார், லியூபோமிர், திராகோலியுப், செக் நாட்டின் விளாஸ்திமில். அப்போது ஓசைக்காகவே பிடித்தது. அர்த்தம் தெரிந்த பிறகு இன்னும் பிடித்துப்போனது. லியூப் அன்பு, மிர் அமைதி, சேர்த்தால் லியூபோமிர். திராக் என்றால் அருமையான, அதோடு அன்பும் சேர்ந்தால் திராகோலியுப். எதிராளியின் ராஜாவை விரட்டி விரட்டி அடிப்பதில் பேர்போன ஆட்டக்காரருக்கு அந்தப் பெயர்!

2010இல் சோபியாவில் நம் ஆனந்த் உலகப் பட்டத்துக்காக மோதியது வெசெலின் தொபலோவுடன். பல்கேரிய மொழியில் வெசெல் என்றால் மகிழ்ச்சி பொங்குகிற என்று அர்த்தம். ஆனந்துக்குத் துணையாக ஆட்டங்களை அலசிக் கொடுத்த குழுவில் ஒரு போலந்துக்காரர் இருந்தார், ரதோஸ்வாவ் வொய்தாஷெக். ரத் என்றாலும் மகிழ்ச்சிதான். ஆக மேசையின் இந்தப் பக்கம் ஓர் ஆனந்தம், அந்தப் பக்கம் ஓர் ஆனந்தம், பின்னறையில் இன்னோர் ஆனந்தம். ஆறரைக்கு ஐந்தரை என்று நம்மவர் ஜெயித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இந்தப் பழைய பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சொல் சேர்ந்தவை. அதிகமாக வருவது ஸ்லாவ். புகழ் என்று பொருள். போலந்துக்காரர்கள் அந்த ல-வை வ போல உச்சரிப்பதால் அங்கே ஸ்வாவ் ஆகிவிடுகிறது. ஸ்தனிஸ்வாவ் என்றால் புகழ் நிலைக்கட்டும். செஸ்வாவ், மானமும் புகழும். போலெஸ்வாவ், மேலும் மேலும் புகழ். 1025இல் போலந்தின் முதல் அரசராக முடிசூடியவர் பெயர் அது. போகுஸ்வாவ் என்பதில் கடவுளும் புகழும் சேர்ந்திருக்கிறார்கள். கடவுள் கொடுத்த பிள்ளை போக்தான். நம் தேவதத்தன் அவன்.

இந்த ஸ்லாவ் நமக்குத் தூரத்துச் சொந்தம்கூட. வடமொழியில் சிரவஸ் என்றால் புகழ், சிரவணம் என்றால் கேட்டல். இரண்டும் ஒரே வேர். ஊர் கேட்கப் பேசப்படுவதுதானே புகழ்? அதே வேரில்தான் ஸ்லாவும் வருகிறது. மகாபாரதத்தில் சாத்யகியின் கையால் சாகிற பூரிசிரவசு ஞாபகம் இருக்கிறதா, பாட்டி சொல்வாளே? பெரும்புகழ் உடையவன் என்று பொருள். கிரேக்கத் தலைவர் பெரிக்ளீஸ் பெயரின் வால்பகுதியும் இதே வேர்தான். ஸ்தனிஸ்வாவ் என்று உங்கள் தெருவில் யாரையாவது கூப்பிடும்போது, குருக்ஷேத்திரத்தில் நின்ற ஒருவனின் பெயர்ப் பாதி அதில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்.

நீ குடியிருக்கும் வ்ரோத்ஸ்வாவ் நகரமே ஓர் ஆளின் பெயர்தான். வ்ராதிஸ்லாவ் என்ற செக் பிரபுவின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரமும் அப்படித்தான், யாரோஸ்லாவ் என்ற இளவரசர் பெயரில் இருக்கிறது.

நாம் ரஷ்யப் பெயர், போலந்துப் பெயர் என்று நினைப்பதில் பாதி ஸ்லாவியப் பெயர்களே இல்லை. இவானும் யானும் ஆன்னாவும் எபிரேயத்திலிருந்து வந்தவர்கள். ஓல்கா, ஈகோர் இருவரும் வடக்கே இருந்து படகில் வந்த வைக்கிங்குகளின் பெயர்கள். நத்தாஷா லத்தீன் வழி. 966இல் போலந்தை ஆண்ட மியெஷ்கோ ஞானஸ்நானம் பெற்றார். 988இல் கீவ் நகரத்து விளாதிமிர். அதன் பிறகு கோயில் நாட்காட்டியில் உள்ள புனிதர்களின் பெயர்கள் மெல்ல மெல்ல வீடுகளுக்குள் வந்தன. விளாதிமிருக்கே அன்று வசீலி என்று பெயரிட்டார்கள். பழைய ஸ்லாவியப் பெயர் பிழைக்க ஒரு வழி இருந்தது: அந்தப் பெயருள்ள ஒருவர் புனிதராக வேண்டும். 1079இல் கொல்லப்பட்ட ஆயர் ஸ்தனிஸ்வாவால் அந்தப் பெயர் தப்பியது. செக் நாட்டில் வாத்ஸ்லாவும் அவருடைய பாட்டி லுத்மிலாவும் அப்படியே. விளாதிமிரும் பின்னாளில் புனிதரானார். இன்று போரில் எதிரெதிரே நிற்கும் ரஷ்யா, உக்ரைன் இரண்டு நாட்டு அதிபர்களும், ஒருவர் விளாதிமிர், இன்னொருவர் வொலொதிமிர், ஒரே கீவ் இளவரசரின் பெயரைத் தாங்குகிறார்கள். அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

புகழ்ப் பெயர்கள் எல்லாம் பிரபுக்களுக்கு என்றால், சாதாரண ஜனங்களின் பெயர்களில்தான் எனக்கு மனசு ஒட்டிக்கொள்கிறது. செர்பிய மொழியின் எழுத்தைச் சீர்திருத்தியவர் வூக் கரஜிச், 1787இல் பிறந்தவர். வூக் என்றால் ஓநாய். அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. சூனியக்காரிகள் ஓநாயை நெருங்க மாட்டார்கள் என்று நம்பி அந்தப் பெயரை வைத்தார்கள். நிலைத்து நிற்கட்டும் என்று ஸ்தொயான், பிழைத்திருக்கட்டும் என்று ஷிவ்கோ. நம் ஜீவனும் அந்த ஷிவ்வும் ஒரே வேர். ரஷ்யாவில் கண்படாமல் இருக்க அழகில்லாதவன் என்று நெக்ராஸ். எதிர்பார்த்துப் பிறந்தவன் ஷ்தான், எதிர்பாராமல் வந்தவன் நெஷ்தான். பெண் போதும் என்று ஸ்தானா, ஸ்தாங்கா என்றும் வைத்தார்கள். நம்மூரில் பிச்சை, குப்புசாமி என்று பெயரிட்டவர்களும், போதும்பொண்ணு என்று வைத்தவர்களும் இதைக் கேட்டால் ஒரு விளக்கமும் கேட்காமல் தலையாட்டுவார்கள். அந்த ஸ்தானாக்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. தன் பெயரின் அர்த்தம் தெரிந்த வயதில் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்?

சரி, காரியத்துக்கு வருகிறேன். போலந்துச் சட்டப்படி, குழந்தை பிறந்ததற்கு மருத்துவமனை சீட்டு எழுதிய நாளிலிருந்து 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதிகபட்சம் இரண்டு பெயர்கள். 2015இல் வந்த சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பெயரையும் வைக்கலாம். ஆனால் செல்லப்பெயரை அப்படியே பதிய விடமாட்டார்கள். கதாழீனாவைக் காஷா என்று கூப்பிடலாம், பதிவேட்டில் கதாழீனாதான். பெண் பெயர் என்றால் ஆகாரத்தில் முடிவதுதான் அங்கே வழக்கம். ஆண்பிள்ளைக்குச் சிவா, ராஜா என்று வைத்தால் கேட்பவர்களுக்குப் பெண் பெயராகவே படும். இதையும் மாப்பிள்ளையிடம் பேசிக்கொள்.

செல்லப்பெயர் விஷயத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஸ்தனிஸ்வாவ் வீட்டில் ஸ்தாஷ், வொய்சியெக் வீட்டில் வொய்தெக். இரண்டாம் உலகப்போரில் போலந்துப் படையோடு இத்தாலியில் மோந்தே கஸீனோ போர்க்களம் வரை போய் குண்டுப் பெட்டி சுமந்த கரடிக்கும் வொய்தெக் என்றுதான் பெயர். கூப்பிடும்போது பெயரின் முடிவும் மாறும். ஸ்தாஷ் ஸ்தாஷு ஆவான், காஷா காஷு ஆவாள். கண்ணனைக் கண்ணா என்று கூப்பிடும் நம் விளி வேற்றுமை அங்கே ஏழாவது வேற்றுமையாக இன்னும் உயிரோடு இருக்கிறது. ரஷ்யர்கள் அதை அநேகமாக விட்டுவிட்டார்கள். போலந்துக்காரர்கள் விடவில்லை என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

என் யோசனை இது. முதல் பெயர் ஸ்லாவியப் பெயராக, முழுசாக, வெட்டாமல் இருக்கட்டும். பையன் என்றால் ரதோஸ்வாவ். பெண் என்றால் மிரோஸ்வாவா, அமைதியும் புகழும். இந்தக் காலத்தில் அது பாட்டிமார் பெயர் என்று மாப்பிள்ளை சொல்லலாம். சொல்லட்டும், உன் பெயரையும் உன் சிநேகிதிகள் அப்படித்தானே சொன்னார்கள்? இரண்டாவது பெயர் தமிழ்ப் பெயர், அதை அம்மா தேர்ந்தெடுப்பாள். இப்போதே உன் பாஸ்போர்ட்டில் என் பெயர் குடும்பப் பெயராகப் போய் உட்கார்ந்துவிட்டதால், அங்கே அலுவலகத்தில் எல்லோரும் உன்னை என் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னாய். எனக்கு அதுவே போதும். பிள்ளையின் பெயரில் நான் இடம் கேட்கவில்லை.

ஆனால் முடிவு செய்வதற்கு முன் சம்பந்தியம்மாவிடம் ஒரு வார்த்தை கேள். நவம்பர் 1 அன்று அவர்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் விளக்கேற்றுவார்களாமே. நீயும் கூடப் போ. அவர்கள் குடும்பத்துக் கல்லறைகளில் உள்ள முதல் பெயர்களை எல்லாம் குறித்துக்கொண்டு வா. யார், எப்படி இருந்தார், அந்தப் பெயரை அவருக்கு ஏன் வைத்தார்கள் என்று கேள். நான் சொன்ன இரண்டையும்விட நல்லது அங்கே இருந்தால் அதையே வையுங்கள்.

எந்தப் பெயர் ஆனாலும் சரி, மாப்பிள்ளை வாயால் சொல்லச் சொல்லி வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பு. முழுப்பெயர், செல்லப்பெயர், கூப்பிடுகிற வடிவம், மூன்றும் வேண்டும். அம்மா இப்போதே சொல்லிப் பழக வேண்டும் என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் தொடங்கிவிட்டதால் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அன்புடன்,
அப்பா